ஆறு வருஷமா சேத்து வச்ச ஸ்னிப்பெட் ஃபைல்: எது உழைச்சுது, எது குப்பைக்கு போச்சு

2019ல ஒரு ஃபைல் ஆரம்பிச்சேன், பேரு கூட உருப்படியா வைக்கல, வெப்சைட் செய்யும்போது அடிக்கடி தேவைப்படுற சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்துக்கு), ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைக்க) கோடு துண்டுகளை, அதாவது ஸ்னிப்பெட்டை, கண்ணுல பட்டப்ப எல்லாம் அதுல போட்டு வச்சுக்குவேன். அப்புறம் கோடு எழுதுற எடிட்டரான விஎஸ் கோடுல யூசர் ஸ்னிப்பெட்டா மாத்திட்டேன், நாலு எழுத்து அடிச்சு டேப் தட்டுனா மொத்தமும் வந்து விழும். ஒரு கட்டத்துல இருநூறு தாண்டுச்சு. இப்ப முப்பத்தி சொச்சம்தான் இருக்கு.

போனது எல்லாம் பெரும்பாலும் வயசாகி போனதுதான். ஃப்ளோட் போட்ட பெட்டிங்க லேஅவுட்டை குலைக்காம இருக்க போடுற கிளியர்ஃபிக்ஸை இப்ப யாரு தேடுறா. வீடியோவை 16க்கு 9ல நிக்க வைக்க பேடிங்-டாப்பை (மேல் பக்க இடைவெளியை) 56.25 சதவீதம்னு வைக்கிற ஒரு தில்லாலங்கடி வேலை இருந்துச்சே (9ஐ 16ஆல வகுத்தா வர்ற நம்பர்தான் அது), இப்ப ஆஸ்பெக்ட்-ரேஷியோன்னு ஒரே வரில முடிஞ்சுடுது. ஆப்ஜெக்டை (டேட்டா தொகுப்பை) காப்பி எடுக்க ஜேசான்ங்கற டெக்ஸ்ட் வடிவமா மாத்தி திரும்ப பார்ஸ் பண்ணுவோமே, அது தேதியை ஸ்ட்ரிங் ஆக்கிடும், அன்டிஃபைன்டா (மதிப்பு இல்லாம) இருக்குற ஃபீல்டை சத்தமில்லாம முழுங்கிடும். 2022ல காப்பி எடுக்கறதுக்குன்னே இருக்குற ஸ்ட்ரக்சர்டு குளோன் எல்லா முக்கிய பிரவுசர்லயும் வந்துடுச்சு, உள்ள ஃபங்ஷன் இருந்தா மூஞ்சிலயே எரர் அடிக்கும், எனக்கு அது பிடிச்சிருக்கு, தப்புன்னு அங்கயே தெரிஞ்சுடுதுல்ல.

இன்னும் தினமும் உழைக்கிறதுல முதல் இடம் சர்ச் பாக்ஸ் துண்டுக்குத்தான், அதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. ஆரம்பத்துல வெறும் டிபவுன்ஸ்தான் (டைப் பண்றது கொஞ்சம் நின்னப்புறம் மட்டும் தேடுறது) வச்சிருந்தேன், ஒவ்வொரு கீ அடிக்கும்போதும் பழைய டைமரை கிளியர் பண்ணிட்டு 300 மில்லிசெகண்ட் புது டைமர், அவ்ளோதான். ஒரு கிளையன்ட் ப்ராஜெக்ட்ல "பெட்டில கல்வின்னு இருக்கு, கீழ கல்லு மண்ணுன்னு லிஸ்ட் வருது"ன்னு கம்ப்ளெயின்ட், என் மெஷின்ல எத்தனை தடவை அடிச்சாலும் சரியாவே வருது. ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டு கடைசில பிரவுசரோட டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க்கை வேணும்னே ஸ்லோ பண்ணி பாத்தாத்தான் புரிஞ்சுது: "கல்"னு அடிச்சுட்டு கொஞ்சம் நிறுத்தி "வி" சேத்திருக்காங்க, சர்வருக்கு ரெண்டு ரிக்வெஸ்ட் போயிருக்கு, முதல்ல போனது லேட்டா வந்து ரெண்டாவதோட பதிலை மூடிடுச்சு. டிபவுன்ஸ் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை குறைக்கும், வர்ற வரிசைக்கு அது பொறுப்பில்ல.

இப்ப அந்த துண்டுல, போன ரிக்வெஸ்டை பாதில நிறுத்துற அபார்ட் கன்ட்ரோலரும் சேந்தே இருக்கு. புது ரிக்வெஸ்ட் போறதுக்கு முன்னாடி பழைய கன்ட்ரோலரை அபார்ட் பண்ணு, புதுசு ஒண்ணு உருவாக்கு, அதோட சிக்னலை, ரிக்வெஸ்ட் அனுப்புற ஃபெட்ச்சுக்கு குடு. இதுலயும் ஒரு வில்லங்கம் உண்டு, கேன்சல் ஆன ரிக்வெஸ்ட் நேரா எரரை பிடிக்கிற கேட்ச்ல போய் விழும், அங்க எரரோட நேம் அபார்ட் எரரான்னு பாத்து சும்மா விட்டுடணும், இல்லன்னா யூசர் டைப் பண்ண பண்ண "ஏதோ தப்பு நடந்துடுச்சு"ன்னு சிவப்பு பட்டை ஆடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, 404 (பக்கம் இல்ல), 500 (சர்வர் கோளாறு) வந்தா ஃபெட்ச் எரர் எறியாது, ரெஸ்பான்ஸ்ல ஓகே ட்ரூவான்னு நாமதான் பாக்கணும்.

அடுத்தது ஒத்த வரி, மின்-விட்த் (குறைஞ்சபட்ச அகலம்) 0. பெட்டிங்களை வரிசையா அடுக்குற ஃப்ளெக்ஸ் உள்ள நீளமான மெயில் ஐடி வந்து கார்டையே வெளிய தள்ளும், எலிப்சிஸ் போட்டும் புள்ளி புள்ளி வராது. ஃப்ளெக்ஸ் சைல்டுக்கு டீஃபால்ட்டா மின்-விட்த் ஆட்டோ, உள்ள இருக்கறதை விட சின்னதா ஆகவே மாட்டேன்னு அடம்பிடிக்கும், 0 போட்டா அடங்கிடும். இதுக்கு மேல நானே எழுதி வச்ச கமென்ட்: "இதை நாலாவது தடவையா மறந்திருக்க". உண்மையில கோடை விட இந்த மாதிரி கமென்ட்தான் எனக்கு உதவுது, ஏன் சேத்தேன்னு கமென்ட் இல்லாத துண்டு எல்லாம் ஒரு வருஷம் கழிச்சு பாத்தா எவனோ எழுதின மாதிரி இருக்கு, தொடவும் பயம், தூக்கவும் பயம்.

ஃபார்ம் உள்ள பட்டன் வச்சா டைப் பட்டன்னு போட்டுடுங்க, போடலன்னா அது சப்மிட், அதாவது ஃபார்மை அனுப்புற பட்டன். கேன்சல் அழுத்துனவங்களுக்கு சேவ் ஆகும்.

தமிழ் டெக்ஸ்ட் கையாளுறவங்களுக்கு ஒண்ணு. "தமிழ்"னு எழுதி லெங்த் கேட்டா 5னு வரும், கண்ணுக்கு தெரியறது மூணு எழுத்துதான், ஏன்னா இகர குறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணிக்கைல வருது. ஸ்லைஸ் போட்டு முதல் நாலை எடுத்தா "தமிழ", புள்ளி காணாம போச்சு. தலைப்பை இப்படி வெட்டி ஒரு லிஸ்ட் பூரா வார்த்தைங்களை மொட்டையடிச்சு வச்சிருந்தேன், ஒருத்தரும் சொல்லல, நானா ஒரு நாள் பாத்து வெக்கமா போச்சு. பிரவுசர்லயே இருக்குற இன்ட்ல் செக்மென்டர்ல கிராஃபீம்னு (கண்ணுக்கு தெரியற ஒரு முழு எழுத்து) குடுத்து பிரிச்சா ஒழுங்கா மூணா வரும். ஃபயர்ஃபாக்ஸ்ல இது 2024லதான், 125வது வெர்ஷன்ல வந்துச்சு, அதுவரைக்கும் தயங்கிட்டு இருந்தேன், இப்ப தயக்கமில்ல.

இப்ப ஏஐயே எழுதிக் குடுக்குதே, இந்த ஃபைல் எதுக்குன்னு கேக்கறாங்க. டிபவுன்ஸ் கேட்டா அழகா எழுதுது, ஆனா அந்த அபார்ட் சமாச்சாரத்தை நான் கேட்டாத்தான் எனக்கு சேத்து குடுக்குது, கேக்கணும்னு எனக்கு தெரிஞ்சதே அந்த ரெண்டு நாளாலதான்.

போன வாரம் ஒண்ணு மாத்தினேன். மொபைல்ல உயரத்துக்கு 100 விஎச் (முழு ஸ்கிரீன் உயரம்) போட்டா அட்ரஸ் பாருக்கு கீழ பட்டன் ஒளிஞ்சுக்கும், அதுக்கு ஸ்கிரீன் உயரத்தை ஜாவாஸ்கிரிப்ட்ல அளந்து வேரியபிள்ல போடுற பழைய துண்டை தூக்கிட்டு 100 டிவிஎச் (அட்ரஸ் பாருக்கு தகுந்த மாதிரி மாறுற உயரம்) வச்சேன். ஸ்க்ரோல் பண்ணும்போது அட்ரஸ் பார் உள்ள போக வர, ஹீரோ செக்ஷன் (பக்கத்தோட உச்சில இருக்குற பெரிய பகுதி) மொத்தமும் குதிக்குது. அங்க மட்டும் எஸ்விஎச் (அட்ரஸ் பார் தெரியும்போது இருக்குற சின்ன உயரம், மாறாது) ஆக்கினதும் நின்னுடுச்சு. கமென்ட் இன்னும் எழுதல, இன்னிக்கு எழுதிடணும்.