தூசி என்று மூக்குத்தியைத் துடைத்தவர்கள்

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்யும் கடைகள் ஊருக்கு நாலு இருக்கும்.

நான் கொடுத்தவை, ‘120’ என்ற அளவு ரோல் ஃபிலிமில் அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் தயாரான ‘இந்து’ ஃபிலிம். ஒவ்வொரு படமும் 56 மி.மீ. சதுரம், 35 மி.மீ. நெகட்டிவைப்போல மூன்றரை மடங்கு பரப்பு. "6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி), தூசி நீக்கம், ஏஐ மெருகு" என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு வாங்கினார்கள்.

கைபேசியில் பார்த்தால் படங்கள் பளிச்சென்றுதான் இருந்தன. கணினியில் நூறு சதவீத அளவில் திறந்ததும் வண்டவாளம் வெளிவந்தது. கோபுர விளிம்பை ஒட்டி வானத்தில் வெள்ளைக் கோடு. தென்னங்கீற்றுகளுக்கெல்லாம் இரட்டை விளிம்பு. வானம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் துகள்கள். ஷார்ப்பனிங், அதாவது மென்பொருளால் கூர்மையேற்றுவது, புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவராது. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளுக்கவைக்கும், அவ்வளவுதான். எது விளிம்பு, எது கிரெய்ன் என்று அதற்குத் தெரியாது. இவர்கள் அதை உச்சத்தில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

அத்தையின் படத்தில் மூக்குத்தியைக் காணவில்லை. தூசிப் புள்ளி என்று துடைத்தாயிற்று. போதாததற்கு, நெகட்டிவில் இல்லாத இமைமயிர்களை ஏஐ ஒன்றொன்றாக வரைந்து வைத்திருக்கிறது. கேட்டால், "இப்போதுதான் சார் முகம் எடுப்பாக இருக்கிறது" என்கிறார் கடைக்காரர். யார் முகம்?

தூசி நீக்கத்துக்குக் காசு வாங்கியதே அநியாயம். ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடிக்கும் வசதி வண்ண நெகட்டிவுக்கானது. சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பை மறைப்பதால் கருவி படத்தையே அழுக்கு என்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அடுத்து 6400 டிபிஐ. அந்தக் கணக்குப்படி சதுரத்தின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 14,000 பிக்சல் இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்த ஜேபெக் கோப்புகளில் 2,400. வகுத்துப் பார்த்தால் 1,100 டிபிஐகூட இல்லை. "இணையத்தில் போட இது போதும் சார்" என்று பதில் வந்தது. போதும்தான், ஆனால் நான் காசு கொடுத்தது இதற்கு இல்லையே! மறுபடி ஸ்கேன் செய்யப் பாதிக் கட்டணம் கேட்டார். நெகட்டிவ்களை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிய பணம் இன்னும் வரவில்லை.

கடையில் கொடுப்பவர்கள், ஷார்ப்பனிங்கையும் தூசி நீக்கத்தையும் அணைத்துவிட்டு தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகத் தரச்சொல்லிக் கேளுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள். தூசியை நீங்களே கையால் எடுத்துவிடலாம். இணையத்தில் பகிர, பிரதி எடுத்து 2,048 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகு, கடைசி வேலையாக, ஒரு பிக்சலுக்கும் குறைந்த ஆரத்தில் லேசாகக் கூர்மையேற்றினால் போதும். மொத்தக் கட்டையும் கொடுக்குமுன் ஒரே ஒரு படத்தை மாதிரிக்குச் செய்து வாங்கிப் பாருங்கள். அதற்குத் தயங்கும் கடையில் நெகட்டிவை வைத்துவிட்டு வராதீர்கள்.