350 டாலர் கொடுத்து வாங்கிய தலைவலி: 1099-கே படிவம் வந்தவர்கள் கவனத்துக்கு

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வீட்டிலேயே ஆரி வேலை செய்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பெரிய வியாபாரம் ஒன்றும் இல்லை. நவராத்திரி, கல்யாண சீசன் என்றால் நாலு ரவிக்கை கூடுதலாக வரும், அவ்வளவுதான். பணமெல்லாம் பேமென்ட் ஆப்பில் வந்துவிடும். "அக்கா, அனுப்பிட்டேன், பாருங்க" என்று ஒரு மெசேஜ், போனில் ஒரு டிங். அந்த டிங் எல்லாம் சேர்ந்து வருஷக் கடைசியில் ஒரு வரிப் படிவமாக வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

2024 ஜனவரி கடைசியில் வந்தது. மேலே 1099-கே என்று போட்டிருந்தது. ஆப் வழியாக ஒரு வருஷத்தில் நமக்கு வந்த பணத்தைக் காட்டும் படிவம் அது. கட்டம் 1ஏ-வில் 11,240 டாலர். பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. அவ்வளவு சம்பாதித்திருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து ஏன் மணி கோக்கிறேன்?

அதுவரை எங்கள் வரிக் கணக்கை வீட்டுக்காரரே மென்பொருளில் போட்டுவிடுவார். இந்தப் படிவத்தைப் பார்த்ததும் அவருக்கும் கொஞ்சம் பயம். அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, இந்த வட்டாரத்தில் நம்மவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தரும் ஒருவரிடம் போனோம். பேர் வேண்டாம். எல்லாரும் "அண்ணா" என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். படிவத்தைக் கையில் எடுத்தார், ஒரு பார்வை பார்த்தார், மேஜை ஓரத்தில் தள்ளி வைத்தார். "இதெல்லாம் சும்மா அனுப்புவாங்கம்மா. 20,000 டாலருக்குக் கீழே இருந்தா காட்டவே வேண்டாம்." கட்டணம் 350 டாலர், ரொக்கம் மட்டும். ரசீது கேட்டதற்கு, "நமக்குள்ள என்னம்மா ரசீது?" என்றார். ஒரு மாதத்தில் ரீஃபண்டும் வந்துவிட்டது. நல்ல மனுஷன் என்று நானே இரண்டு பேரை அவரிடம் அனுப்பி வைத்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் சொன்னது முழுப் பொய் கூட இல்லை, பாதி உண்மை. 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால்தான் ஆப் நிறுவனம் 1099-கே அனுப்பியாக வேண்டும் என்பது ரொம்ப நாளாக இருந்த விதி. 2021-இல் வந்த சட்டம் அதை 600 டாலராகக் குறைத்தது. ஆனால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பழைய 20,000, 200-ஐயே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இதற்கு நடுவில் சில மாநிலங்கள் தனி வரம்பு வைத்திருக்கின்றன. நியூ ஜெர்சியில் 1,000 டாலர். மாசசூசெட்ஸ், மேரிலாந்து, வர்ஜீனியாவில் 600. எனக்குப் படிவம் வந்தது அதனால்தான்.

அண்ணா விழுங்கிய பாதி என்னவென்றால், இந்த வரம்பெல்லாம் படிவம் அனுப்புகிறவர்களுக்கு. நமக்கு இல்லை. படிவம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பாதித்த பணம் வருமானம்தான். சொந்தத் தொழிலில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே கணக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, உங்கள் கைக்கு வந்த படிவத்தின் ஒரு நகல் ஐஆர்எஸ் கையிலும் இருக்கிறது. அவர்களுடைய கம்ப்யூட்டர் அந்த நகலையும் நீங்கள் காட்டிய வரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பார்க்க ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் பார்க்கும்.

பார்த்தது. 2025 ஜூனில் சிபி2000 என்ற கடிதம் வந்தது. 11,240 டாலரையும் முழு வருமானமாக வைத்து, எங்கள் 22 சதவீத வரி, அதற்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம், வட்டி என்று எல்லாம் சேர்த்து 4,200 டாலருக்கு மேல் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல முப்பது நாள்.

அண்ணாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது நாள் எடுத்தார். "நான் எங்கம்மா ஃபைல் பண்ணினேன்? நீங்கதானே பண்ணீங்க!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் அனுப்பிய வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், எங்கள் கையெழுத்துக்குக் கீழே, காசு வாங்கிக்கொண்டு கணக்குப் போடுகிறவர் தன் பெயரையும், ஐஆர்எஸ் அவருக்குக் கொடுக்கும் பிடின் என்ற அடையாள எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை. நாங்களே போட்ட கணக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார். காசு வாங்கினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். போடாதவர்களுக்கு இங்கே பேய்க் கணக்கர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்.

கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார், இந்த முறை குரலில் தேன். 900 டாலர் கொடுத்தால் சரி செய்து தருவாராம். எப்படி என்றால், காரில் 14,000 மைல் தொழிலுக்காக ஓட்டியதாக எழுதுவாராம். ரவிக்கை தைக்க 14,000 மைல்! போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் என்ரோல்டு ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தோம். ஐஆர்எஸ் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர், மணிக்கணக்கில் கட்டணம், ரசீது உண்டு. அந்த அம்மா 1ஏ-வில் இருந்த பெரிய எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகக் கீழே 5ஏ முதல் 5எல் வரை இருக்கும் பன்னிரண்டு சின்னக் கட்டங்களுக்குப் போனார். ஒவ்வொன்றும் ஒரு மாதம். 5ஐ-யில் பேனாவை வைத்து, "செப்டம்பர்ல மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்.

அப்போதுதான் பொறி தட்டியது. புரட்டாசிக்குப் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பஸ் வைத்துப் போனோம். 42 பேர், தலைக்கு 75 டாலர். எல்லாரிடமும் என் தொழில் கணக்கின் லிங்க் ஏற்கெனவே இருந்ததால் அதிலேயே அனுப்பச் சொன்னேன். 3,150 டாலர் வந்தது, அப்படியே பஸ்காரருக்குப் போனது. ஒரு சல்லிக்காசு என்னிடம் நிற்கவில்லை. ஆனால் ஆப்புக்கு அது பஸ் காசா, ரவிக்கைக் காசா என்று எப்படித் தெரியும்?

1ஏ என்பது உள்ளே வந்த மொத்தம் மட்டும்தான். நீங்கள் திருப்பிக் கொடுத்ததையோ, ஆப் பிடித்துக்கொண்ட கட்டணத்தையோ, தபால் செலவையோ அதில் கழித்திருக்க மாட்டார்கள். என் கணக்கைப் பிரித்தால் இப்படி வந்தது: பஸ் பணம் 3,150, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தது 480, ஆப் கட்டணம் 190, துணி, மணி, நூல், ஊரிலிருந்து வரவழைத்த கூரியர் எல்லாம் 3,870. மிச்சம் 3,550 டாலர். அதுதான் என் வருமானம். அதற்கு வரி 1,100 டாலருக்குள் அடங்கிவிட்டது, வட்டி தனி.

கடிதத்தில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி, ஆப்பின் மாதாந்திர ஸ்டேட்மென்ட், பஸ் கம்பெனி ரசீது, பயணிகள் பட்டியல் எல்லாம் வைத்து அனுப்பினோம். சிபி2000 பில் அல்ல, ஒரு முன்மொழிவுதான். இது தெரியாமல் பயந்துபோய் முழுப் பணத்தையும் கட்டியவர்கள் எத்தனை பேரோ. ஆனால் முப்பது நாளைக் கோட்டை விடக் கூடாது. நேரம் போதாவிட்டால் கடிதத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு அவகாசம் கேட்கலாம். சில மாதம் கழித்துத் திருத்திய கணக்கை ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. மாநில வரியைத் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. பஸ் ரசீது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதை என் தோழி பழைய கைப்பையில் மடித்து வைத்திருந்தாள்.

இப்போது தொழிலுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. பஸ் பணம், பிறந்தநாள் பரிசுக்குக் கூட்டுப் பணம், அறைத் தோழர்கள் பிரித்துக் கொடுக்கும் வாடகை எதுவும் வருமானம் இல்லை. ஆனால் தொழில் கணக்கில் வந்தால் நீங்கள்தான் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். பழைய சோஃபாவை வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு விற்றாலும் வரி கிடையாது, அதற்கும் 1099-கே வந்திருந்தால் 1040-உடன் சேர்க்கும் ஷெட்யூல் 1-இல் அதைக் காட்டக் கட்டம் இருக்கிறது. படிவத்தில் தொகையே தப்பு என்றால் ஐஆர்எஸ்ஸைக் கூப்பிட்டுப் பயனில்லை. மேல் இடது மூலையில் பெயர் இருக்கிற நிறுவனத்திடம்தான் திருத்தச் சொல்ல வேண்டும்.

சிலர் "ஆப்பில ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு போட்டு அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா ஸெல்லில் வாங்குங்க, படிவமே வராது" என்கிறார்கள். ஸெல் என்பது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பணம் அனுப்பும் வசதி. அது 1099-கே கொடுப்பதில்லை என்பது சரிதான். அதற்காக ரவிக்கைக் கூலி மொய்ப் பணமாகிவிடுமா?

அண்ணா மீது 14157 என்ற புகார்ப் படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் அவரிடம் அனுப்பி வைத்த இரண்டு பேருக்கும் போன் செய்து 1040-இன் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தி வீட்டில் அந்த இடம் காலி. இன்னொருத்தி இன்னும் பார்க்கவில்லையாம், "அண்ணா அப்படி எல்லாம் செய்ய மாட்டார் அக்கா" என்கிறாள்.