பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது

2018 மே மாதம் ஒரு ரெனோ டஸ்டர் டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2014 மாடல், மீட்டரில் 64,000. பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் அசைய வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியாச்சா என்று கேட்டதற்கு, "போன வருஷமே மாத்திட்டேன் சார்" என்றார் விற்றவர். பில்? "வீட்ல எங்கயோ இருக்கும், தேடி அனுப்புறேன்." அந்த பில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். பெல்ட் கருகருவென்று இருந்தது. வெடிப்பு இல்லை, பிசிர் இல்லை, ஆயில் கசிவும் இல்லை. "நல்லாத்தானேண்ணே இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" என்றேன்.

"நீங்க பாக்கறது அதோட முதுகு. வேலை செய்யுறது உள்பக்கம் இருக்கற பல்லு." விரலால் முதுகைத் தடவிக் காட்டினார். கம்பெனி அச்சடித்த எழுத்து சுத்தமாகத் தேய்ந்துபோயிருந்தது. "போன வருஷம் போட்ட பெல்ட்டா இது?"

அந்தக் காலத்து நியோப்ரீன் ரப்பர் பெல்ட் வயதானால் வெடிப்பு விட்டுக் காட்டும். இப்போது வருவது பெரும்பாலும் எச்.என்.பி.ஆர். என்கிற ரப்பர், சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை களைத்துப்போனாலும் மேலே ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் முறுக்கிப் பார்த்து "இன்னும் இருபதாயிரம் ஓடும்" என்று சொல்லும் வித்தை இதனிடம் செல்லாது. கீச்சென்று சத்தம் போட்டு எச்சரிக்கும் என்றும் காத்திருக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கத்துவது வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட். இது ஊமை.

அறுந்தால் என்ன ஆகும் என்பதை மச்சான் வண்டியில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வேறு கம்பெனி டீசல் கார். விக்கிரவாண்டி தாண்டி எழுபதில் போய்க்கொண்டிருந்தோம். 'டக்' என்று ஒரு சத்தம், இன்ஜின் ஆஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்த்தால் இன்ஜின் எதிர்ப்பே இல்லாமல் லேசாகச் சுற்றியது. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகள் அடி வாங்கி வளைந்திருந்தன. வால்வுகள் உட்காரும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்து வண்டி கைக்கு வர மூன்று வாரம், எழுபதாயிரத்துக்கு மேல் செலவு. என் டஸ்டர் இன்ஜினும் அந்த ரகம்தான். பெல்ட் போனால் வால்வும் போகும். அதனால் யோசிக்கவில்லை. வாங்கிய வாரமே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றினேன். லேபரோடு 15,200 ரூபாய். இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்பை மட்டும் பழசாக விட்டால், அது ஒழுகும் நாளில் இதே லேபரை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டு, வால்வைத் திறக்கும் கேம் தண்டு இரண்டையும் இரும்புப் பின் (pin) போட்டுப் பூட்டிவிட்டுத்தான் பழைய பெல்ட்டைக் கழற்றினார். புதுசை மாட்டி, டென்ஷன் வைத்து, ஸ்பேனரால் கையாலேயே இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, அந்த இரும்புப் பின் மறுபடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்தார். பின் போடாமல் வெறும் பெயிண்ட் மார்க்கை நம்பி மாட்டுகிறவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

அடுத்தது எப்போது? கையேடு கிலோமீட்டர் ஒன்று, வருடம் ஒன்று சொல்லும். எது முதலில் வருகிறதோ அது. பலர் கிலோமீட்டரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைவேயில் எண்பதில் போனால் சுமார் 2,000 ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று; கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. பல்லாவரம் நெரிசலில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் நகர்கிறோம். சராசரி 1,400 ஆர்.பி.எம். என்றாலும் கிலோமீட்டருக்கு 5,600 சுற்று. மீட்டரில் ஒன்று, பெல்ட்டுக்கு ஏறக்குறைய நாலு. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும் நேரம் மீட்டரில் ஏறுவதே இல்லை. சில வண்டிகளில் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லி டி-பெல்ட் விளக்கு எரியுமே, அதுவும் பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய தூரத்தை எண்ணி எரிவது, அவ்வளவுதான்.

நான் ஆறு வருடம் என்று வைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டு வாசலில் சக்கரம் பாதி மூழ்க ஒரு நாள் முழுக்க வண்டி நின்றது. தள்ளிப்போட மனசு வரவில்லை. ஜனவரியில் திறந்தோம், மீட்டரில் 1,21,000. கழற்றிய பெல்ட்டை வெயிலில் மடித்துப் பார்த்தேன், ஒரு பல்லில்கூட பழுது இல்லை. காசு வீண் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் டென்ஷனர் உருளையை என் காதருகே பிடித்துச் சுண்டினார். மணலை அரைப்பதுபோல் 'கரகர' என்றது. வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே கூலன்ட் காய்ந்து வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. அந்த உருளை ஓடும்போது இறுகி நின்றிருந்தால், ஒரு குறையும் இல்லாத அந்தப் பெல்ட்தான் அறுந்திருக்கும்.

இந்த முறை 19,400 ஆனது. மூடிமேல் வெள்ளை மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியாயிற்று. பில்லை லேமினேட் பண்ணி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன், என்னிடம் வண்டி வாங்கப்போகிறவருக்காக. மச்சானுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை: "நல்லா இருந்த பெல்ட்டப் போயி மாத்தியிருக்கீங்களே மாமா!"