புகைப்படத்தில் இல்லாததை ஸ்மட்ஜ் கொண்டுவராது

புகைப்படத்தின் நிறங்களைக் கணினியில் தேய்த்து இழுத்து ஓவியம்போல் ஆக்குவதுதான் ஸ்மட்ஜ் ஓவியம். கொழும்பில் அதைக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் கலியாணம், சாமத்தியவீடு என்று கொண்டாட்டத்துக்காகக் கேட்பவர்கள். மற்றவர்கள் தவறிப்போன ஒருவரின் முகத்தை 31ஆம் நாளுக்குள் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அவசரத்தில் வருபவர்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எனக்கு வருவதில் இரண்டாவது வகைதான் கூட. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் அல்பங்கள் மிஞ்சவில்லை. "தம்பி, ஐசி படம் மட்டும்தான் இருக்கு" என்பார்கள், அடையாள அட்டைப் படத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த டூலின் பலமும் எல்லையும் அப்படிப்பட்ட படத்தில்தான் வடிவாகத் தெரியும்.

போட்டோஷாப்பின் ஸ்மட்ஜ் டூல் தானாக நிறம் போடாது. கோடு தொடங்கும் இடத்தில் உள்ள நிறத்தை எடுத்து, நாம் இழுக்கும் பக்கம் தள்ளும், ஈரச் சாயத்தில் விரல் வைத்து இழுப்பதுபோல. ஃபிங்கர் பெயின்டிங் என்ற தெரிவை டிக் செய்தால் மட்டுமே நாம் தேர்ந்த நிறத்தோடு கோடு தொடங்கும். ஆகவே மூலப்படத்தில் கன்னத்து நிழல் இல்லையென்றால் எவ்வளவு தேய்த்தாலும் கன்னம் எழும்பாது. நேரே ஃபிளாஷ் அடித்த ஸ்டூடியோப் படத்தைவிட, ஜன்னலோரம் பக்க வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்த படம் நன்றாக வரும். அந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வேன். சுருங்கி வந்த படத்தில் தோலின் நிற மாற்றங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும்.

ஐசி படத்துக்கு வேலை வேறு. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கி, மேலே ஒரு லேயரில், அதாவது படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில், கலர் என்ற கலப்பு முறையில் தோல் நிறம், இன்னொன்றில் சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் நிழலும் வெளிச்சமும் போட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் ஸ்மட்ஜ். எல்லா லேயர்களிலும் தெரியும் நிறத்தை எடுக்கும் சாம்பிள் ஆல் லேயர்ஸ் தெரிவை ஆன் செய்து வெற்று லேயரில் தேய்த்தால் கீழே மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். மகள் வந்து "அப்பாவின் வாய் இப்படி இல்லை" என்றால் வாயை மட்டும் அழித்துத் திரும்பச் செய்யலாம்.

தோலுக்கு ஸ்ட்ரெங்த், அதாவது இழுவையின் பலம், 15 முதல் 25 சதவீதம் வரை போதும். முடிக்கு மெல்லிய தூரிகையும் 80க்கு மேலும் வேண்டும். இழுக்கும் திசைதான் முக்கியம்: மூக்குத்தண்டில் மேலிருந்து கீழ், கன்னத்தில் வளைவோடு, நெற்றியில் குறுக்கே. கண்மணியில் விழுந்திருக்கும் ஒளிப்புள்ளியை நான் தொடவே மாட்டேன். அது நகர்ந்தால் ஆளே மாறிவிடும். நெற்றித் திருநீறும் அப்படித்தான். தோலைத் தேய்க்கும்போது வெள்ளை இழுபட்டுப் பெயின்ட் பூசியதுபோல் ஆகும். அதைத் தனி லேயரில் வெட்டி வைத்து, நெற்றி முடிந்த பிறகு மேலே இறக்கி, ஓரத்தை மட்டும் புள்ளிப் புள்ளியான தூரிகையால் மெதுவாகக் கலைத்தால் பொடியாகவே நிற்கும்.

"கொஞ்சம் வெள்ளையா ஆக்கித் தாங்கோ" என்று கேட்காத வீடு குறைவு. நான் மறுத்துவிடுவேன். கறுத்த தோலில் வெளிச்சம் விழும் இடங்களில் மெல்லிய நீலமும் செம்மையும் இருக்கும், ஸ்மட்ஜுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. வெளுப்பாக்கினால் முதலில் தொலைவது அதுதான். ஒரே தட்டில் ஓவியமாக்கித் தரும் செயலிகள் வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. மச்சத்தை நீக்கி, பல் வரிசையைத் திருத்தி, அழகான வேறு யாரையோ தரும். தவறிப்போனவரின் படத்தில் அது பெரிய அநியாயம்.

மவுஸால் இதைச் செய்யலாம், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப இழுவை மாறுவது பேனாவில்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய சின்னப் பேனா டேப்லட் எனக்கு இன்றும் போதுமாக இருக்கிறது. போட்டோஷாப்பில் பெரிய தூரிகையை நெருக்கமான ஸ்பேசிங்கில் (தூரிகைத் தடங்களுக்கு இடையிலான இடைவெளி) ஓட்டினால் ஸ்மட்ஜ் இழுத்து இழுத்துத்தான் வரும். ஸ்பேசிங்கைச் சற்றுக் கூட்டினால் வேகம் கிடைக்கும். போட்டோஷாப் சிஎஸ்5 பதிப்பில் வந்த, நிறங்களைக் கலக்கும் மிக்ஸர் பிரஷ் பின்னணிக்கும் சேலை மடிப்புக்கும் நல்லது, முகத்துக்கு எனக்குப் பிடிக்கவில்லை. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியபோது போட்டோஷாப்பின் மாதச் சந்தா கட்டுவது கஷ்டமாகிவிட்டது. அப்போதுதான் கிரிதா என்ற இலவச ஓவிய மென்பொருளுக்குப் பாதி வேலையை மாற்றினேன். அதன் கலர் ஸ்மட்ஜ் தூரிகை இழுத்துக்கொண்டே நிறத்தையும் சேர்க்கும். முடிக்கு இப்போது அதைத்தான் எடுக்கிறேன். படம் திருத்தும் வேலைகளுக்குப் போட்டோஷாப்தான் இன்னும் கைக்கு எளிது.

அச்சுக்கு 12க்கு 18 அங்குலம் என்றால் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். தொடக்கத்திலேயே அந்த அளவில் வைத்துத் தேயுங்கள். முடித்த பிறகு பெரிதாக்கினால் தூரிகைத் தடம் மங்கிவிடும். பளபளப்புத் தாளைவிட மேட் தாளோ கான்வாஸோ நல்லது, ஹோல் விளக்கு முகத்தில் அடிக்காது. மேட்டில் கறுப்பு முடி அடைந்துபோகும் என்பதால் கொடுக்கும் முன் நிழற்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். முதலில் முகத்தை மட்டும் சின்னத் துண்டில் அடித்துப் பார்த்து, அப்புறம் முழுப்படத்தைக் கொடுக்கலாம்.