வெள்ளைக் கோட்டைக் கண்டால் வால் ஆட்டும் வண்டி

என்னுடைய அதே பைக்கை வாங்கலாமா என்று நண்பன் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. மைலேஜ், எடை, பவர் எல்லாம் அவனே படித்து வைத்திருந்தான். "மழையில எப்படிடா ஓடுது?" இது ஒன்றுதான் கேள்வி. இரண்டு வரியில் முடிக்க வேண்டிய பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

4 வருஷம், 41,000 கிலோமீட்டர். என்ஜின் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. செயின், பேரிங் எல்லாம் நேரத்துக்கு மாற்றியதோடு சரி. என் புலம்பல் முழுக்கப் பின் டயரைப் பற்றித்தான்.

வண்டியோடு வந்த பின் டயர் 29,000 கிலோமீட்டர் உழைத்தது. அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனும் நான்தான். ஒரு ரப்பர் அவ்வளவு உழைக்கிறதென்றால் அது எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. காய்ந்த சாலையில் குறையே கிடையாது. ஈரத் தாரிலும் பரவாயில்லை. ஜல்லியின் சொரசொரப்பு தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருப்பதால் டயருக்குப் பிடிக்க ஏதோ ஒன்று இருக்கும். சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டில் அது இல்லை, பெயிண்ட் அதை மூடி வழவழப்பாக்கிவிடுகிறது. கோட்டில் கண்ணாடி மணிகள் தூவுகிறார்களே என்றால், அது இரவில் கோடு பளிச்சென்று தெரிவதற்கு. நனைந்த ஜீப்ரா கிராசிங்கில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், பின்புறம் வால் ஆட்டும். டயர் தேய்ந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். முதல் மாதத்திலிருந்தே இந்தக் கூத்துதான்.

அப்புறம் அந்த இரும்பு மூடி. தினமும் நான் திரும்பும் முனையில், சரியாகச் சக்கரம் போகும் தடத்திலேயே, பாதாளச் சாக்கடை மூடி ஒன்று இருக்கிறது. ஆயிரம் வண்டிகள் ஏறி ஏறி எண்ணெய் தடவியது மாதிரி மின்னும். இரண்டாம் வருஷ மழையில் வண்டியைச் சாய்த்தபடியே அதன் மேல் போய்விட்டேன். பின் சக்கரம் ஒரு சாண் வெளியே நழுவி, மூடியைத் தாண்டித் தார் கிடைத்ததும் வெடுக்கென்று நிமிர்ந்தது. நான் விழவில்லை. என் திறமை அதற்குக் காரணமில்லை, மூடி சின்னது. பாலத்து இரும்பு இணைப்பும் தண்டவாளமும் இதே ரகம்தான். ஆனால் அவற்றை நேராக வெட்டிக் கடந்துவிடலாம். திருப்பத்தில் கிடக்கும் மூடிக்கு அந்த வசதியும் இல்லை.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். அதைத் திட்டவும் மனசு வரவில்லை, நேர் சாலையில் இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இரும்பின் மேல் மட்டும் லீவர் விரலில் துடித்துக்கொண்டே இருக்கும், வண்டி நிற்கிற வழியாக இருக்காது. பழுதில்லை, டயருக்கு அங்கே பிடிமானம் இல்லாதபோது ஏபிஎஸ் என்ன செய்யும்? வண்டி சாய்ந்திருக்கும்போது இதை நம்பியும் பிரேக் பிடிக்கக் கூடாது. பின் சக்கரத்துக்கோ எந்தக் காவலும் இல்லை. ஈரத்தில் அவசரமாகக் கியரைக் குறைத்துக் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால், பிரேக்கைத் தொடாமலே சறுக்கும்.

மழைக்குக் காற்றைக் குறைத்து ஓட்டு என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்டேன், புத்தி! காற்றுக் குறைந்தால் டயர் நசுங்கி, தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் நெருங்கிக்கொள்கின்றன. தேங்கிய தண்ணீரில் வண்டி இன்னும் மோசமாக மிதந்தது. மறுநாளே பழைய அளவுக்கு அடித்துவிட்டேன்.

29,000-இல் பிடிமானத்துக்காக மிருதுவான ரப்பர் டயராகத் தேடினேன். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது 3 வருஷம் பழசு. பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்ததால் தப்பித்தேன்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும் என்று சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேறு எடுத்து மாட்டினார்கள்.

புது டயரின் மேல்வழவழப்பு போகும்வரை, முதல் 150 கிலோமீட்டர் பயந்து பயந்துதான் ஓட்டினேன். அதற்கடுத்து வந்த மழையில் அதே ஜீப்ரா கிராசிங். வால் ஆடவில்லை. நம்பாமல் ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடியும் முறுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான். ஒரே வருத்தம், 12,000-த்துக்குள் டயரின் நடுப்பகுதி தட்டையாகி, தேய்மானக் குறியைத் தொடப் போகிறது.

இதுவரை எழுதி, "தாராளமாக வாங்கு, டயரை மட்டும் மாற்றிவிடு" என்று முடித்து வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம், நீண்ட வெயிலுக்குப் பிறகு தூறல். கொட்டித் தீர்த்துக் கழுவிவிடும் மழையை விட இந்த முதல் பத்து நிமிடம்தான் ஆபத்து, சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் குழைந்து கிடக்கும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்த மூடியின் மேல் ஏறினேன். புது டயரும் நழுவியது. எந்த டயராக இருந்தாலும் நழுவியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நண்பனைக் கூப்பிட்டு, "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப உன் வண்டிய எனக்கு விலைக்குக் குடுத்துடேன்" என்றான்.

கொடுக்க மாட்டேன். அடுத்த வாரம் பின் டயர் மாற்ற வேண்டும்.