டெலீட் ஃபார் மீ: விரல் தவறும் இடம்

வாட்ஸ்அப்பில் தவறாக அனுப்பியதை அழிக்கப் போய், அதிலும் தவறான பட்டனைத் தொட்டுவிடுவதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பட்டன்களின் அமைப்பே அதற்கு வழிவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள குப்பைத்தொட்டியைத் தொட்டால் மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்: டெலீட் ஃபார் எவ்ரிஒன், டெலீட் ஃபார் மீ, கேன்சல். அடுத்தவர் அனுப்பியதை அழிக்கும்போது, நாம் குரூப் அட்மினாக இல்லாவிட்டால், முதல் வரி இருக்காது. தினமும் குவியும் குட்மார்னிங் படங்களை அழித்து அழித்து விரலுக்கு 'மீ'தான் பழகிப்போகிறது. சம்பளச் சீட்டு ஒன்று அலுவலக குரூப்புக்குப் போய்விட்ட பதற்றத்திலும் விரல் பழகிய வரியைத்தான் தேடிப் போகும். நம் திரையில் செய்தி மறைந்துவிடும்; மற்ற எல்லோரிடமும் அப்படியே இருக்கும். எல்லோருக்கும் அழிக்கலாம் என்றால், அழுத்திப் பிடிக்க அந்தச் செய்தியே நம்மிடம் இல்லை.

2022 டிசம்பரில்தான் இதற்கு அன்டூ வந்தது. 'மீ'யைத் தொட்டதும் திரையின் அடியில் ஒரு பட்டை தோன்றும், 5 நொடிக்கு. அதில் அன்டூவைத் தொட்டால் செய்தி திரும்பி வரும். அதன்பிறகு நிதானமாக 'எவ்ரிஒன்'. பதறிப்போனவருக்கு 5 நொடி நிச்சயம் போதாது. அதையும் தவறவிட்டால், குரூப் என்றால் உடனே அட்மினுக்குப் போன் போடுங்கள்: மற்றவர் செய்தியை எல்லோருக்குமாக அழிக்க அவரால் முடியும். தனி சாட்டில் அந்த வழியும் கிடையாது. 'எவ்ரிஒன்' வாய்ப்பும் அனுப்பி 2 நாளுக்குச் சற்று மேல் வரைதான்.

ஜிமெயில் இதில் மேல்: அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறக் கிடைக்கும் நேரத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். கணினியில் கியர் படம், ஸீ ஆல் செட்டிங்ஸ், ஜெனரல், அன்டூ சென்ட். 5 நொடியை 30 ஆக்கிவிடலாம். ஆனால் சேவ் சேஞ்சஸ் பட்டன் அந்த நீளப் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. அதை அழுத்தாமல் வெளியே வந்தால் பழைய 5 நொடியேதான்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமானது டிக்கெட் ரத்துசெய்யும் பக்கங்களில் வரும் கேள்வி. "ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன். ரத்துசெய்ய வந்தவர் எதைத் தொடுவார்? 'ரத்து'வைத்தான். டிக்கெட் அப்படியே இருக்கும், பணம் திரும்பாது. வண்டி கிளம்பிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும். திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்து மொழிபெயர்க்கும்போது, டிக்கெட்டை ரத்துசெய்வதும் கேள்விப் பெட்டியை மூடும் கேன்சலும் தமிழில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. இப்படிப்பட்ட திரையில் சந்தேகம் வந்தால் போனின் பேக் பட்டனைத் தொடுங்கள். பெரும்பாலும் கேள்வி மட்டும் மூடிக்கொள்ளும். ரத்துசெய்தபின் முன்பதிவுப் பட்டியலில் நிலை மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். செயலி எழுதுபவர்கள் 'டிக்கெட்டை ரத்து செய்', 'டிக்கெட் இருக்கட்டும்' என்று பட்டனிலேயே முழுசாக எழுதிவிட்டால் இந்தப் பாடே இல்லை.