அப்பாவின் சிறுநீரக பயாப்சி: வார்டுக்கு நன்றி, கவுண்டரைத் திருத்துங்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் சதை எடுத்துப் பரிசோதனை செய்தோம். அவருக்கு 67 வயது. சிறுநீரில் புரதம் போவது நிற்கவில்லை, கால் வீக்கமும் வடியவில்லை.

தேதி கொடுத்த கவுண்டரில் ஒரு தாள் தந்தார்கள். ஹீமோகுளோபின், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்), ரத்தம் உறைய ஆகும் நேரத்தைச் சொல்லும் பிடி-ஐஎன்ஆர் ரிப்போர்ட், ஸ்கேன், ஆதார் நகல், முன்பணம் எல்லாம் அதில் இருந்தன. அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. நாங்களும் அதை யோசிக்கவில்லை.

குறித்த நாளில் வெறும் வயிற்றோடு மணப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனோம். வார்டு சிஸ்டர் பிரஷர் பார்த்துக்கொண்டே, "ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டார். "நெஞ்சு டாக்டர் குடுத்த எக்கோஸ்பிரின்மா, நாலு வருசமா" என்றார் அப்பா. சிஸ்டர் உடனே டாக்டருக்குப் போன் செய்தார். பயாப்சி தள்ளிப்போனது.

டாக்டர் வந்து காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகத்தில் ரத்த ஓட்டம் மிக அதிகம், ஊசி போன இடத்தில் கசிந்தால் நிறுத்துவது கஷ்டம். எக்கோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான்; அது பட்ட தட்டணு பழையபடி வேலை செய்யாது. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள் என்பதால் புதியவை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தவர்களுக்கு அதுவே ஆபத்தாகிவிடுமாம். அப்பாவின் இதய மருத்துவரைக் கேட்டு ஒரு வாரம் நிறுத்தினோம். அந்த சிஸ்டர் கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

இரண்டாம் முறை போனபோது சம்மதப் படிவம் தந்தார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம். அப்பா தமிழ் மட்டும்தான் படிப்பார். "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். தமிழில் கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள், அப்புறம் வார்டில் இருந்து ஒன்று வந்தது. அதில் வயது 57 என்று இருந்தது, திருத்தச் சொன்னேன். 'தேவைப்படும் பிற சிகிச்சைகளுக்கும் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்கு விளக்கம் கேட்டேன். ரத்தக் கசிவு போன்ற அவசரத்துக்கு மட்டும்தான் என்று டாக்டரே கையால் எழுதிக் கொடுத்தார். நோயாளிக்குப் புரியும்படி சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து போடுபவருக்கு அவசரம் காட்டாதீர்கள்.

பயாப்சியை அருமையாகச் செய்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் துணிச்சுருள் கொடுத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுத்தார்கள். ஊசி 'டப்' என்று சத்தம் போடும் என்பதை முன்னாலேயே சொல்லி, மூச்சை அடக்கப் பழக்கியும் விட்டார்கள். அதனால் அப்பா பயப்படவில்லை. சதை இரண்டு பாட்டில்களில் போனது. ஒன்றில் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம். இன்னொன்று இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் கொண்டு பார்க்கும்) சோதனைக்கு, அந்தச் சதையை ஃபார்மலினில் போடக் கூடாதாம். இரண்டிலும் ஒட்டிய பெயரையும் எண்ணையும் என்னிடம் வாசித்துக் காட்டினார் டெக்னீஷியன். இதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும்.

பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தார்கள், பிரஷரைக் குறித்தார்கள். ராத்திரி தங்கி மறுநாள் வந்துவிட்டோம். ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய். பில்லில் குறை இல்லை. ரிப்போர்ட் வாங்கும்போது ஸ்லைடையும் (சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு) மெழுகு பிளாக்கையும் (சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து கேட்கப் போனால் அங்கே ரிப்போர்ட்டை விட அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். ஆவணங்களின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002இன் மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. எங்களுக்கு இரண்டாம் நாளே தந்துவிட்டார்கள்.

வார்டுக்கு ஐந்து நட்சத்திரம், கவுண்டருக்கு இரண்டு. அந்தத் தாளில் மாத்திரைப் பெயர்களுக்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.